கடங்காரன் தேவை

போன வாரம் அண்ணி கம்ப்யூட்டரில் வேலை விண்ணப்பத்தை நிரப்பி 'அனுப்பு' என்ற பட்டனை அழுத்தியதோடு நிறுத்தியிருந்தோம். ஐயோ, அழுத்தியிருக்க வேண்டாமே என்று உங்களில் சிலர் வருத்தப்பட்டிருப்பீர்கள். அண்ணி வருத்தப்படவில்லை. நன்றாகத் தூங்கினாள். எழுந்து தலைக்குக் குளித்தாள். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கணவருடைய வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பினாள்.

ஆமாம், கணவருடைய வேலைதான். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

அண்ணியும் அவரும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வங்கிக் கடனுக்கு வட்டிக் கணக்குப் போடும் மென்பொருள்தான் அவர்கள் வேலை. எழுதியது அண்ணி. பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது அவர். கல்யாணம் ஆனது. அண்ணி எழுதியதையெல்லாம் தான் எழுதியதாக ரெஸ்யூமில் போட்டு அவர் வெளிநாட்டு வேலை வாங்கினார். கம்பெனி அவருக்கு விசா எடுத்துக் கொடுத்தது. அண்ணி டிபென்டன்ட், அதாவது அவரைச் சார்ந்து வந்தவள். சார்ந்து வந்தவர்கள் வேலை பார்க்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம்.

வேலை போனால் போகட்டும் என்று இருந்திருப்பாள். அவர் இருக்க விடவில்லை. துவைத்த துண்டு காயவில்லை என்றாலும் "என் விசாவுலதான் நீ இங்க இருக்க, ஞாபகம் வச்சுக்க" என்றுதான் சண்டை முடியும். கடைசியில் ஒரு நாள், 'இவள் இப்போது என்னோடு இல்லை' என்று விசா ஆபீசுக்கு அவரே எழுதிப் போட்டுவிட்டார். எழுதியபோது அவள் அடுத்த அறையில் அவருடைய சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியோடு வெளியே வந்தவளுக்கு ஒரு சின்ன இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை கொடுத்து, விசாவும் கொடுத்தது. அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பி.ஆர். வாங்கிவிட்டாள். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. சட்டத்தின் கண்ணில் இப்போது அவள் உள்ளூர்க்காரி. அவரோ, பக்கத்து வரிசை வேகமாக நகர்கிறது என்று மாறி மாறி நிற்கும் ஆள். சம்பளம் கொஞ்சம் கூடக் கிடைத்தால் கம்பெனி மாறுவார். மாறும்போதெல்லாம் பி.ஆர். ஃபைல் முதலிலிருந்து தொடங்கும். இப்போது விசா முடியும் தறுவாயில், அவர் இருக்கும் கம்பெனி, அதாவது அண்ணி எழுதிய அதே மென்பொருளை வாங்கி ஓட்டும் கம்பெனி, அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது.

அதற்கு ஒரு சடங்கு உண்டு. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதற்காக விளம்பரம் கொடுக்க வேண்டும். யாரும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு கொடுக்கிற விளம்பரம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். அதனால் அந்த ஆளின் ரெஸ்யூமை வைத்து அளவெடுத்துத் தைப்பார்கள். வேறு யாருக்கும் கை நுழையாது, கழுத்து நுழையாது.

ஆனால் ரெஸ்யூமே அண்ணியின் அளவாயிற்றே!

அந்த விளம்பரத்தில் கடைசித் தகுதியாக 'கடன்கார் தொழில்நுட்பத்தில் ஆழ்ந்த அனுபவம்' என்று இருந்தது. கடன்கார் என்றால் என்ன என்று கூகுளைக் கேட்காதீர்கள், அதற்கும் தெரியாது. ஒரு மழை நாளில் அண்ணியின் குடையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். நனைந்துகொண்டே திரும்பி வந்து உட்கார்ந்த அண்ணி, அன்று எழுதி முடித்த வட்டிக் கணக்குக்குக் 'கடங்காரன்' என்று பெயர் வைத்தாள். அந்தப் பழைய மெஷினில் பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துதான் இடம். வால் வெட்டுப்பட்டுக் கடன்கார் ஆனது. தன்னைத் திட்டிய வார்த்தை என்று தெரியாமல் அதையே ஒரு பெரிய தொழில்நுட்பமாக ரெஸ்யூமில் சுமந்துகொண்டு திரிந்தார் மனிதர். இனி நாமும் அவரைக் கடங்காரர் என்றே கூப்பிடுவோம். மரியாதை குறையக் கூடாது.

கண்ணாடிக் கட்டடம். நாலாவது மாடி. லிஃப்ட் திறந்ததும் எதிரே நின்றது நாத்தனார். கடங்காரரின் தங்கை. இதே கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. விளம்பரத்தைத் தட்டச்சு செய்து ஏற்றியவளும் அவள்தான்.

"வாங்க அண்..." என்று ஆரம்பித்து, "வாங்க மேடம்" என்று முடித்தாள்.

"மேடமா? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது எனக்கு இந்த மரியாதை கொடுத்திருக்கியாடி?"

"மெதுவா பேசுங்க அண்ணி. கேமரா இருக்கு."

"கேமராவுக்குத் தமிழ் தெரியுமா?"

நாத்தனார் சிரிப்பை விழுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அண்ணன், தங்கை என்று கம்பெனிக்கே தெரியும் என்பதால் தேர்வு அறைக்குள் அவளுக்கு இடமில்லை. கதவு வரைக்கும்தான்.

"காலையில உங்க பேரைப் பார்த்தான். ஒரு பாட்டில் தண்ணியக் குடிச்சான். அப்புறம் இன்னொரு பாட்டில்."

"குடிக்கட்டும். உடம்புக்கு நல்லது."

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. உள்ள போய் எல்லாத்துக்கும் பதில் சொல்லுங்க. அவனை நல்லா நடுங்க விடுங்க. கடைசில வேலை வேணாம்னு விலகிடுங்க. அதுக்கு பதிலா விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்து கேளுங்க. இன்னிக்குக் கேட்டா ரெண்டு கையாலயும் போடுவான்."

"நான் அழுது கேட்டப்ப போடல. கெஞ்சிக் கேட்டப்ப போடல."

"அதான் சொல்றேன். இன்னிக்கு விட்டா கிடைக்காது. வாங்கிட்டு நிம்மதியா இருங்களேன்."

அண்ணி நின்றாள். "நிம்மதி எனக்கு வேணாம்டி. உங்கண்ணன் என் வேலையைத் தன் பேர்ல எழுதிக்கிட்டாரு. என்னை வீட்ல பூட்டி வச்சாரு. அப்புறம் நான் அந்த வீட்லயே இல்லைன்னு எழுதிக் கொடுத்தாரு. அவர் இங்கேருந்து போறதை நான் என் கண்ணால பார்க்கணும். எனக்கு அவ்வளவுதான் ஆசை."

சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. வயிற்றிலிருந்து வரும் கோபத்துக்குக் குரல் தேவைப்படாது.

"சரி, அந்த வார்த்தையை எப்படிடி விளம்பரத்துல விட்டு வச்ச?"

"எந்த வார்த்தை?"

"நடிக்காத."

"ரெஸ்யூம்ல இருக்கறதை வரி மாத்தாம போடுன்னு கம்பெனி வக்கீலம்மா சொன்னாங்க. நான் மாத்தல. சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு அண்ணி நானு." முகத்தில் ஒன்றும் காட்டாமல் கதவைத் திறந்து விட்டாள்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் துறைத் தலைவர், கழுத்து இறுகிய சட்டைக்காரர். இன்னொருவர் விசா விவகாரங்களைப் பார்க்கும் வக்கீலம்மா. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேஜை மேஜையாக ஆட்கள். நாலாவது மேஜையில் ஒரு தலை மட்டும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தாழ்ந்து கிடந்தது. உச்சியில் முடி கொட்டியிருந்ததைப் பார்த்து அண்ணிக்கு ஒரு சின்ன திருப்தி.

பேச்சு அவர்கள் மொழியில்தான் நடந்தது. நான் நம் மொழியில் சொல்கிறேன்.

வக்கீலம்மா தகுதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அண்ணி பதில் சொன்னாள். துறைத் தலைவர் முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்தார். பிறகு சட்டைக் கழுத்துக்குள் விரலை விட்டுத் தளர்த்தினார். கடைசித் தகுதி வந்ததும் அவருக்குத் தெம்பு திரும்பியது.

"கடன்கார். ரொம்ப அரிதான தொழில்நுட்பம். எங்க கம்பெனியிலேயே ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"அவருக்கும் தெரியாது" என்றாள் அண்ணி.

"என்ன சொன்னீங்க?"

"அதை எழுதினது நான்னு சொன்னேன்."

துறைத் தலைவர் வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா, "நிரூபிக்க முடியுமா?" என்றாள்.

"வாடிக்கையாளர் பெயரைக் காலியா விட்டுட்டு ஓட்டிப் பாருங்க. ஒரு செய்தி வரும்."

"ஓ, அதுவா?" துறைத் தலைவர் உற்சாகமானார். "யாருடானீ! எங்களுக்குத் தெரியும். அது பழைய கம்பெனியோட பாதுகாப்புக் குறியீடு. எங்க ஆள் விளக்கம் சொல்லி, கையேட்டுல கூட ஏத்தியிருக்கோம்."

"கையேட்டுல என்ன போட்டிருக்கு?"

"யாருடானீ வந்தால் பதறாமல் மேலதிகாரிக்குத் தெரிவிக்கவும்."

அண்ணிக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. "ஐயா, அது குறியீடு இல்ல. எங்க மொழி. பேரைச் சொல்லாம உள்ள வர்றவனைப் பார்த்து, யாருடா நீ, அப்படின்னு கேக்கறது. கொஞ்சம் மரியாதைக் குறைவா."

வக்கீலம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ கடன்கார்?" என்றாள்.

"கடன் வாங்கினவர்னு அர்த்தம். ஆனா வீட்ல கோபம் வந்தா திட்டறதுக்கும் அதையேதான் சொல்லுவோம்."

"யாரைத் திட்டினீங்க?"

"அப்போ பக்கத்து நாற்காலியில இருந்தவரை."

பக்கத்து நாற்காலி யார் என்று அவர்கள் கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. எழுந்து சுவரில் இருந்த வெள்ளைப் பலகையிடம் போனாள். "ஒரே மாசத்துல ரெண்டு தடவை முன்கூட்டியே பணம் கட்டினா வட்டி தப்பா வருதா?"

"ஆமா! அதோடதான் மல்லாடிக்கிட்டிருக்கோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எழுதும்போதே அந்த இடம் அரைகுறை. சரி பண்றதுக்குள்ள கல்யாணம் ஆயிடுச்சு."

பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாழ்ந்திருந்த தலை மெல்ல உயர்ந்தது. அண்ணி எழுதி முடிக்கும் வரை அது அசையவில்லை. பழி வாங்குவதில் ருசி இல்லை என்கிறவர்கள் வாங்கிப் பார்க்காதவர்கள். அண்ணிக்கு உள்ளங்கால் வரை இனித்தது.

வக்கீலம்மா ஃபைலை மூடினாள். "தகுதியான உள்ளூர் ஆள் கிடைச்சாச்சு. உங்க ஆளோட பி.ஆர். விண்ணப்பம் இனி போகாது. இவங்களாவே விலகறேன்னு எழுதிக் கொடுத்தா வேற விஷயம்."

துறைத் தலைவர் கண்ணாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வெள்ளைப் பலகையைப் பார்த்தார். பலகைதான் அவருக்குப் பிடித்திருந்தது. "நீங்க எப்போ சேரலாம்?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அண்ணி.

கார் நிறுத்துமிடம் கட்டடத்தின் அடியில் இருந்தது. அண்ணி லிஃப்டில் வருவதற்குள் கடங்காரர் படி வழியாக இறங்கி, அவள் கார் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

இங்கே ஒரு விஷயம். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி அவரை 'டா' போட்டுத்தான் பேசுவாள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் காதுக்காக 'ங்க' போட்டாள். பிரிந்த பிறகு 'டா' சொல்ல உரிமை இல்லை, 'ங்க' சொல்ல மனசு இல்லை. அதனால் 'நீ'யும் இல்லாமல் 'நீங்க'ளும் இல்லாமல் அவரிடம் பேசப் பழகிவிட்டாள். நம் மொழியில் அதற்கு வழி இருக்கிறது, கொஞ்சம் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

"யாருடா நீ கதையையும் சொல்லிட்டியா?" என்றார். "மாடி முழுக்க சிரிக்கறாங்க."

"கேட்டாங்க. சொன்னேன்."

"என் மானமே போச்சு."

"அது எப்பவோ போயாச்சு. இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

அவருடைய கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மூச்சுக்கு மூச்சு ஆடியது. இந்த மனிதர் முன்னால் ஒரு காலத்தில் நடுங்கியிருக்கிறோமே என்று அண்ணிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"விசா முடியப் போகுது. இந்த ஃபைல் போச்சுன்னா நான் கிளம்பணும். ஊருக்குப் போய் யார் முகத்துல முழிப்பேன்? வெளிநாட்டுல பெரிய ஆள்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சொல்லாம இருந்திருக்கலாம்."

"இங்க பாரு. விலகிட்டேன்னு ஒரு மெயில் போட்டுடு. நீ கேட்டியே கையெழுத்து, இப்பவே போடறேன். எங்க பேப்பர்? நாளைக்குக் கூட வேணாம், இப்பவே." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

எத்தனை வருஷமாகக் கேட்ட கையெழுத்து! காரின் முன்பெட்டியில்தான் பேப்பர் இருந்தது. கை நீட்டினால் போதும். நாத்தனார் சொன்னது சரிதான், இன்றைக்குப் போடுவார்.

ஆனால் அந்தப் பேனாவைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேறு ஏதோ எரிந்தது. "விசா ஆபீசுக்கு எழுதினதும் இந்தப் பேனாதானா?"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. மெயில் போகாது."

"கையெழுத்து வேணாமா உனக்கு?"

"மெயில் போகாது."

கடங்காரர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முகத்தில் கணக்கு ஓடத் தொடங்கியது. கணக்கில் அவர் எப்போதும் சுமார். இது மட்டும் மளமளவென்று வந்தது.

"அப்போ ஒண்ணு பண்ணலாம். கையெழுத்து போடலைன்னா சட்டப்படி நாம இன்னும் புருஷன் பொண்டாட்டிதானே? உனக்கு பி.ஆர். இருக்கு. நீ எனக்கு ஸ்பான்சர் பண்ணி விசா எடுக்கலாம். நான் இங்கேயே இருந்துடுவேன்." பிறகு ஞாபகம் வந்தவராக, "நான் பண்ணினது தப்புதான். திரும்பி வந்துடறேனே" என்றார்.

மன்னிப்பு கேட்பதற்குக் கூட சட்டம் முன்னால் வந்தது, மனசு பின்னால் வந்தது.

அண்ணி அவரையே பார்த்தாள். இப்படி ஒரு வழி இருப்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது தெரிந்ததும், காலையில் பட்ட ஆசை சின்னதாகிப் போனது.

"டிபென்டன்டாவா?"

"ம்."

"வேலை பார்க்கக் கூடாது."

"தெரியும். கொஞ்ச நாளைக்குத்தானே."

"வீட்லதான் இருக்கணும். வெளிய போகணும்னா கேட்டுட்டுப் போகணும். செலவுக்குக் கேட்டு வாங்கணும்."

"சரி."

"எனக்கு என்னிக்குத் தோணுதோ, அன்னிக்கு ஒரு வரி எழுதிப் போட்டா எல்லாம் முடிஞ்சிடும்."

"சேச்சே, நீ அப்படியெல்லாம் செய்ய மாட்ட." அவர் சிரித்தார். இன்னும் அவளைத் தனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"வரலாம்" என்றாள் அண்ணி.

கடங்காரர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினார்.

தூணுக்குப் பின்னால் கைப்பையோடு நின்றிருந்த நாத்தனார் வந்து காரில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள் என்று முகமே சொன்னது.

"மன்னிச்சுட்டீங்களா அண்ணி?"

"மன்னிக்கறதா? நல்லாக் கேட்ட போ."

"அப்புறம் ஏன்? பேனாவைக் கையில வச்சுக்கிட்டு நின்னானே. கையெழுத்து கிடைச்சிருக்குமே."

"ஊருக்கு அனுப்பினா ஒரே நாள்ல முடிஞ்சிடும்டி. ஏர்போர்ட்ல ஒரு டாட்டா, அவ்வளவுதான். இது தினம் தினம். காலையில எழுந்து, நான் வேலைக்குக் கிளம்பறதைப் பார்த்துக்கிட்டு அவர் உட்கார்ந்திருக்கணும். கதவு சாத்தற சத்தத்தைக் கேக்கணும். அப்புறம் நாள் முழுக்க அந்தச் சுவரைப் பார்க்கணும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

பேசும்போது அவள் கண் மினுங்கியது. நாத்தனாருக்கு அந்த மினுக்கம் பிடிக்கவில்லை.

"சாயங்காலம் நீங்க எங்க வருவீங்க?"

"எங்க வருவேன்? வீட்டுக்குத்தான்."

"அவன் இருக்கற வீட்டுக்கு."

அண்ணி சாவியைத் திருகப் போனவள் நிறுத்தினாள்.

போன் ஒலித்தது. கடங்காரரிடமிருந்து செய்தி. மேலே போய்ச் சேர்ந்து நாற்காலியில் கூட உட்கார்ந்திருக்க மாட்டார்.

'வெள்ளிக்கிழமை வந்துடறேன். அலமாரியில பாதி காலி பண்ணி வை. எனக்கு ஜன்னல் பக்கம் இருக்கற ரூம்தான் வேணும்.'

அண்ணி இரண்டு தடவை படித்தாள். நாத்தனார் எட்டிப் பார்த்து ஒரே தடவை படித்தாள்.

"இப்ப யாரு யார்கிட்ட மாட்டியிருக்கா அண்ணி?" என்றாள்.